கூடின எலும்பு

குரங்கின் எலும்பைப் பற்றி எழுத ஒரு நாவலாசிரியனுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். யோக்கியதை ஒன்றும் இல்லை, ஆசை உண்டு. மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை மிச்சம் மீதியை வைத்துக்கொண்டு ஊகிப்பதுதான் என் தொழில். பழைய எலும்புகளில் நோயைத் தேடும் ஆராய்ச்சிக்காரர்களுக்கும் அதே தொழில்தான். ஒரே ஒரு வித்தியாசம். என் ஊகம் தப்பானால் என்னைக் கேட்பார் கிடையாது. அவர்களுடைய ஊகம் தப்பானால், எதிர்ச்சாட்சி சொல்ல ஒரு குரங்கு வந்து நின்றுவிடுகிறது.

அப்படிப்பட்ட சாட்சி ஒன்றை நான் பார்த்தது வண்டலூரில். கோவளத்தில் எங்களுக்குக் காக்கை உண்டு, நாய் உண்டு, மீன் காயவைத்தால் பூனை உண்டு, குரங்கு கிடையாது. தாம்பரம் போகிற பஸ் கடற்கரையை விட்டு மேற்கே திரும்பி, கேளம்பாக்கம் தாண்டி, வண்டலூர்க் காட்டோரம் வந்த பிறகுதான் குரங்குக் கூட்டம் கண்ணில் படும். எங்கள் தெருவில் எலும்பு வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவர் இருக்கிறார். தாம்பரத்தில் இருவருக்கும் வேலை இருந்ததால் ஒரு நாள் சேர்ந்து புறப்பட்டோம். வண்டலூரில் பஸ் மாறும் இடத்தில் டீக்கடை. கடை வாசலில் ஒரு கிழட்டுக் கடுவன். யாரோ எறிந்த பன்னை வலது கையால் பிடித்து, இடது கையில் அணைத்துக்கொண்டு, கூட்டத்தையே ஒரு முறை முறைத்துவிட்டுத் தின்ன ஆரம்பித்தது. அந்த இடது முன்கை வில் மாதிரி வளைந்திருந்தது.

"பார்த்தீர்களா ஸார்? முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்து கூடியிருக்கிறது" என்றார் டாக்டர். "கட்டு இல்லை, மாவு இல்லை, மருந்து இல்லை. கொஞ்சம் கோணலாய்க் கூடிவிட்டது, அவ்வளவுதான். என்னிடம் வந்திருந்தால் நேராகவே கூட்டியிருப்பேன். ஆனால் ஆறு வாரம் கையைத் தொங்கப் போட்டிருக்க வேண்டும். அதற்குள் இந்தத் தலைமைப் பதவி போயிருக்கும்."

தாம்பரம் வரை டாக்டர் எலும்பைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். வீடு திரும்பிய பிறகு அவரிடம் புத்தகங்கள் வாங்கிப் படித்தேன். அதில்தான் எனக்குப் பிடித்தமான கதை ஒன்று போயிற்று.

அந்தக் கதை வாசகர்களுக்கும் தெரிந்திருக்கும். மார்கரெட் மீட் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞரிடம் நாகரிகத்தின் முதல் அடையாளம் எது என்று கேட்டார்களாம். பானை, தூண்டில், அரைக்கும் கல் என்று ஏதாவது சொல்லப் போகிறார் என்று எதிர்பார்த்தவர்களிடம், "முறிந்து கூடின ஒரு தொடை எலும்பு" என்றாராம் அந்த அம்மாள். கால் ஒடிந்த மிருகம் காட்டில் பிழைக்காது. கூடின எலும்பு கிடைத்தால், யாரோ அந்த மனிதனுக்குப் பக்கத்தில் இருந்து தண்ணீர் கொடுத்து, இரை கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர் நிஜமாகவே அப்படிச் சொன்னாரா என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. ஆனாலும் ஆஸ்பத்திரித் திறப்பு விழா முதல் கல்யாண வாழ்த்துரை வரை இந்தக் கதை இல்லாமல் நடப்பதில்லை.

குரங்கு இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது. 1937-ஆம் வருஷம் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் கோஷ்டி சயாம் தேசத்துக் காடுகளுக்குப் போயிற்று. அடால்ஃப் ஷுல்ட்ஸ் என்ற உடற்கூற்று நிபுணர் அதில் இருந்தார். கிப்பன் என்ற வாலில்லாக் குரங்குகள் அங்கே மரத்துக்கு மரம் ஊசலாடிப் பறக்கும். பார்க்க அவ்வளவு லாகவம். கை வழுக்கவே வழுக்காது என்று தோன்றும். அவற்றை நூற்றுக்கணக்கில் சுட்டு (அந்தக் காலத்து விஞ்ஞானம் துப்பாக்கியும் கையுமாகத்தான் காட்டுக்குள் போகும்) எலும்பை எடுத்துப் பார்த்தார்கள். வளர்ந்த கிப்பன்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு எங்கேயாவது ஓர் எலும்பு முறிந்து கூடியிருந்தது. கை எலும்பு, விலா எலும்பு, தொடை எலும்புகூட. மரத்திலிருந்து விழுந்தவை அவை. யாரும் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கவில்லை. ஒரு கையால் தொங்கிக்கொண்டு, மறு கையால் பறித்துத் தின்று, எலும்பு கூடும் வரை அவை எப்படியோ இருந்திருக்கின்றன.

அப்படியானால் பழைய மனிதனின் கூடின எலும்பை வைத்துக்கொண்டு அன்பு, சேவை என்றெல்லாம் பேசலாமா? இதுதான் குரங்கு கேட்கும் கேள்வி. இந்தக் கேள்விக்கு எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எலும்புக்கு அதிகப் பேச்சுத் தெரியாது என்பதுதான் ஆராய்ச்சிக்காரர்களின் முதல் தலைவலி. உயிரோடிருக்கும் எலும்புக்குத் தெரிந்த வேலை இரண்டு: சேர்ப்பது, கரைப்பது. காயமோ, கிருமியோ, விஷமோ, சத்துக் குறைவோ, எது வந்தாலும் அது ஓரிடத்தில் கொஞ்சம் சேர்க்கும், ஓரிடத்தில் கொஞ்சம் கரைக்கும். வெறும் வரவு செலவு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லச் சொன்னால் எப்படியிருக்கும்? அப்படித்தான். முதுகெலும்பு ஒரே கழியாய் இறுகிப் போயிருந்தால் அதற்கு நாலைந்து நோய்கள் காரணமாகலாம். கால் எலும்பு வளைந்திருந்தால் குழந்தைப் பருவத்தில் வெயில் படாத ரிக்கெட்ஸ் நோயாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம்.

இதில் பெரிய மனிதர்களே சறுக்கியிருக்கிறார்கள். ஜெர்மனியில் நியாண்டர்தால் பள்ளத்தாக்கில் 1856-இல் கிடைத்த எலும்புகளைப் பார்த்துவிட்டு, நவீன நோய்க்குறி சாஸ்திரத்தின் தந்தை என்று கொண்டாடப்படும் ருடால்ஃப் விர்கோ 1872-இல் தீர்ப்புச் சொன்னார்: இது பழைய மனித இனமும் இல்லை, ஒன்றும் இல்லை, ரிக்கெட்ஸும் மூட்டுநோயும் வந்த சாதாரண மனிதன். ஓர் இனத்தையே நோயாளி என்று தள்ளிவிட்டார். பிற்பாடு நேர்மாறான கூத்து. பிரான்ஸில் 1908-இல் அகப்பட்ட கிழவர் ஒருவரின் எலும்பை வைத்து, நியாண்டர்தால் மனிதனே கூனிக் குறுகி முழங்கால் மடங்கி நடந்தவன் என்று படம் போட்டார்கள். 1957-இல் ஸ்ட்ராஸ், கேவ் என்ற இருவர் அதே எலும்பை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். அந்தக் கிழவருக்குக் கடுமையான மூட்டுநோய்! ஒரு முறை இனத்தை நோயென்றார்கள். இன்னொரு முறை நோயை இனமென்றார்கள்.

இங்கேதான் குரங்கு வேண்டியிருக்கிறது. குரங்குக்கு நம்மைப் போன்ற கை, நம்மைப் போன்ற தோள்மூட்டு, நம்மைப் போன்ற நீண்ட குழந்தைப் பருவம். வைட்டமின் சி விஷயத்தில் இன்னும் நெருங்கிய உறவு. நாயும் மாடும் எலியும் அந்தச் சத்தைத் தம் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். மனிதனுக்கும் குரங்குக்கும் அந்தத் திறமை போய்விட்டது. பழத்திலும் கீரையிலும் கிடைத்தால்தான் உண்டு. கிடைக்காவிட்டால் ஸ்கர்வி வந்து எலும்பில் இருவருக்கும் ஒரே மாதிரிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும்.

எகிப்தில் தோத் என்ற தெய்வத்துக்குப் பபூன் குரங்கு உகந்தது. தெற்கே நெடுந்தூரத்திலிருந்து பபூன்களைப் பிடித்து வந்து, வளர்த்து, செத்ததும் துணி சுற்றிப் பாடம் செய்து அடக்கம் செய்தார்கள். தீப்ஸ் நகரத்துப் பக்கம் கிடைத்த அப்படிப்பட்ட எலும்புகளை மறுபடி பரிசோதித்து 2023-இல் ஓர் அறிக்கை வந்தது. கிறிஸ்துவுக்கு முன் 800-க்கும் 500-க்கும் இடைப்பட்டவை. குறைந்தது 36 பபூன்கள். பெரும்பாலானவற்றுக்குக் கைகால் வளைந்து, முகம் கோணி, ரிக்கெட்ஸின் அடையாளம். வெயில் நாடாகிய எகிப்தில் வெயில் படாமல் அடைத்து வைத்திருக்கிறார்கள்! சாமிக்கு நேர்ந்துவிட்ட குரங்குகள். துணி சுற்றினதை எலும்பு சொல்லவில்லை, இருட்டறையைத்தான் சொல்கிறது.

ஆனால் வாழ்க்கை வரலாறு தெரியாத எலும்பை வைத்து இன்னோர் எலும்பைப் படிக்கப் பார்ப்பது, தெரியாத பாஷைக்குத் தெரியாத பாஷையில் அகராதி போடுவது மாதிரி. பிறந்த தேதி, தாய், தின்றது, விழுந்தது எல்லாம் தெரிந்த எலும்புகள் வேண்டும். அந்தப் பெரிய புத்தகத்துக்கு மூலப்பிரதி இந்தியாவிலிருந்து போனது. சயாமுக்குப் போன அதே கோஷ்டியில் இருந்த கார்பெண்டர் என்பவர் மறு வருஷம், அதாவது 1938-இல், நம் வடநாட்டுச் செம்முகக் குரங்குகளைக் கல்கத்தாவில் கப்பலேற்றி, உலகத்தின் மறு பக்கத்திலுள்ள போர்ட்டோ ரிக்கோவுக்குக் கொண்டுபோனார். அதன் கரையோரம் காயோ சாண்டியாகோ என்ற ஒரு சின்னத் தீவு. 409 குரங்குகளை அங்கே விட்டார்கள். இன்றைக்கும் அவற்றின் சந்ததி அங்கே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அடையாள எண், பிறப்புக் கணக்கு, தாய்வழி வம்சாவளி. செத்ததும் எலும்புக்கூடு அருங்காட்சியகத்துக்குப் போகும். ஆயிரக்கணக்கில் சேர்ந்திருக்கின்றன.

அந்த எலும்புகளைப் படித்தவர்கள் கண்டது: வயது ஏற ஏற முழங்கால் மூட்டுத் தேய்கிறது, முதுகெலும்பின் ஓரங்களில் முள் முளைக்கிறது, கிழட்டுக் குரங்குகளுக்கு எலும்பு மெலிகிறது. முழங்கால் வலியென்றால் மனிதன் நிமிர்ந்து நடக்கத் துணிந்ததற்குத் தண்டனை என்று சொல்வார்கள். நாலு காலில் நடக்கிற ஜீவனும் அதே தண்டனையை அனுபவிக்கிறது. முதுகு மட்டும் வேறு சமாசாரம். ஆப்பிரிக்காவின் பெரிய வாலில்லாக் குரங்குகளுக்கு நம்மைப் போல் முதுகெலும்பு தேய்வது மிகக் குறைவு. ஆகையால் முதுகு வலிக்கு நிமிர்ந்த நடையைத் திட்டிக்கொள்ள வாசகர்களுக்கு இன்னமும் உரிமை உண்டு.

நம் ஊரில் இந்தச் சாஸ்திரத்துக்கு மண்ணே எதிரி. தாம்பரத்தைத் தாண்டினால் பல்லாவரம். 1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே ஒரு கற்கோடரியைப் பொறுக்கி எடுத்தார். இந்தியாவில் கற்கால மனிதன் இருந்தான் என்பது உலகுக்குத் தெரிந்தது. அந்தக் கோடரியைப் பிடித்த கையின் எலும்பு ஒரு துணுக்குக்கூட அங்கே கிடைக்கவில்லை. இந்தச் செம்மண் கல்லைக் காப்பாற்றும், எலும்பைத் தின்றுவிடும். தெற்கே ஆதிச்சநல்லூரில்தான் அதிர்ஷ்டம் இருந்தது. 1899 முதல் அலெக்ஸாண்டர் ரீ அங்கே தாழிகளைத் தோண்டினார். மண்டையோடுகள் சில நல்ல நிலையில் அகப்பட்டன. அவற்றை அளந்து 1930-இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக எழுதியவர் சாலி ஸக்கர்மன். அப்போது அவர் லண்டன் மிருகக்காட்சி சாலையில் உடற்கூற்று ஆராய்ச்சியாளர். அடுத்த சில வருஷங்களில் குரங்குகளின் சமூக வாழ்க்கை பற்றிப் புத்தகம் எழுதிப் புகழ் பெற்றவர். திருநெல்வேலிச் சீமையின் மண்டையோட்டைப் பிடித்த கைதான் லண்டனில் பபூனையும் அறுத்துப் பார்த்தது.

பல்லாவரத்திலிருந்து கிண்டி பக்கம். அங்கே கிங் இன்ஸ்டிட்யூட் 1899-இல் ஏற்பட்டது. அம்மைப்பாலுக்காக ஆரம்பித்த ஸ்தாபனம். இந்தக் கட்டுரைக்கு நான் உண்மையில் வர விரும்பிய இடம் இதுதான்.

1930-களில் அந்நாளைய சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவில் சில கிராமங்களில் விசித்திரமான ஒரு நோய். குழந்தைகளுக்குப் பல்லில் சுண்ணாம்பு மாதிரித் திட்டு, பிறகு காவிக் கோடு. பெரியவர்களுக்கு முதலில் கழுத்து இறுகும், பிறகு முதுகு, பிறகு இடுப்பு. கடைசியில் ஆளே ஒரே கட்டையாய்ப் போய், நரம்பு நசுங்கிக் கைகால் விளங்காமல் படுத்துவிடுவார்கள். கிங் இன்ஸ்டிட்யூட் டைரக்டர் ஷார்ட்டும், அவரோடு பண்டிட், ராகவாச்சாரி முதலியவர்களும் ஆராய்ந்து, கிணற்றுத் தண்ணீரில் உள்ள ப்ளோரைடுதான் காரணம் என்று 1937-இல் வெளியிட்டார்கள். இந்தியாவில் இந்த நோயை அடையாளம் காட்டிய முதல் ஆராய்ச்சிகள் அவை.

தண்ணீரில் இருக்கிறது என்றால் போதுமா? அதுதான் எலும்பை இப்படிச் செய்கிறது என்று நிரூபிக்க வேண்டாமா? சி. ஜி. பண்டிட்டும் டி. நாராயண ராவும் நம் நாட்டுக் குரங்குகளைக் கூண்டில் வைத்து, ப்ளோரைடு கொடுத்து, நோயை வரவழைத்துப் பார்த்தார்கள். அந்த ஆராய்ச்சி 1940-இல் வெளிவந்தது. ஆகாரத்தில் வைட்டமின் சி குறைந்தால் நோய் கடுமையாகிறது என்று அந்தக் கூட்டத்தாருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. அந்தச் சத்துக்கு வெளியாரை நம்பியிருக்கிற குரங்கை விட்டால் வேறு யாரிடம் அதைச் சோதிப்பது? 1971-இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிலையத்தில் ரெட்டியும் ஸ்ரீகண்டையாவும் மறுபடி குரங்குகளைக் கொண்டே, ஆகாரத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள சம்பந்தத்தைத் தேடினார்கள். பாரசீக வளைகுடாவில் பஹ்ரைன் தீவில் சுமார் 2,000 வருஷத்துக்கு முந்திய சவக்குழிகளில் இறுகின முதுகெலும்புகள் கிடைத்து, இது ப்ளோரைடு நோய் என்று 1999-இல் எழுதினார்கள். பலூசிஸ்தானத்து மெஹர்கரில் கற்கால உழவர்களின் பல்லிலும் அதே கறை. உயிரோடிருப்பவர்களிடம் அந்த நோய் இன்னதென்று தெரிந்திராவிட்டால் அந்தப் பழைய எலும்புகள் வாயைத் திறந்திருக்கவே மாட்டா.

டாக்டர் என்னிடம் இதைச் சொன்னபோது, "குரங்குகள் பாவம் ஸார்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. எனக்கு என் அத்தை ஞாபகம் வந்துவிட்டது.

அத்தையை தர்மபுரி ஜில்லாவில் பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கொடுத்திருந்தது. கருங்கல் பூமி. பாறைக்குள்ளிருந்து ஊறி வருகிற தண்ணீர். குடிக்க நன்றாகத்தான் இருக்கும். அந்த ஊரில் சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்ளாத பெண் கிடையாது. நாணம் என்று சின்ன வயசில் நினைப்பேன். காவிக் கோடு விழுந்த பல் என்று பிறகு தெரிந்தது. அத்தைக்கு ஐம்பது வயசுக்குள் கழுத்து இறுகிற்று. அறுபதில் முதுகு வளைந்து அப்படியே நின்றுவிட்டது. தரையைப் பார்த்தபடியே, "யாரு, மெட்ராஸ்காரனா? வாடா" என்பாள், என் செருப்பைப் பார்த்துத்தான் என்னை அடையாளம் கண்டுகொள்வாள். கடைசி ஒன்பது வருஷம் படுக்கை.

அந்த ஒன்பது வருஷமும் அவளைப் புரட்டிப் படுக்க வைத்தது, குளிப்பாட்டியது, களியைக் கரைத்து ஊட்டியது எல்லாம் அத்தானின் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகாது. ஊட்டிக்கொண்டே திட்டுவாள், தின்றுகொண்டே அத்தை பதில் திட்டுவாள். ஒரு வேளையாவது சாப்பாடு தவறினதில்லை.

பிரான்ஸில் ஒரு குகையில் கிடைத்த கீழ்த்தாடை ஒன்றைப் பற்றி 2001-இல் ஒரு விவாதம் எழுந்தது. ஒன்றரை லட்சம் வருஷத்துக்கு மேற்பட்ட தாடை. பல்லெல்லாம் அநேகமாகப் போய்விட்ட பிறகும் அந்த மனிதன் வாழ்ந்திருக்கிறான். யாரோ அவனுக்கு மென்மையான ஆகாரம் தயாரித்துக் கொடுத்திருக்க வேண்டும் என்று கண்டவர்கள் எழுதினார்கள். மறு வருஷமே டேவிட் டிகஸ்டா என்பவர் குரங்குகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். காட்டுக் குரங்குகளுக்கும் பல் போகிறது. யாரும் மசித்துக் கொடுக்காமலே அவையும் பிழைத்திருக்கின்றன. ஆகவே தாடையை வைத்துச் சேவையை நிரூபிக்க முடியாது என்றார். நியாயமான வாதம். படித்துவிட்டு எனக்குக் கோபம் வந்தது. வாதத்தில் ஓட்டை தேடிப் பார்த்தேன், இல்லை. யாரும் ஊட்டவில்லை என்று அவர் சொல்லவில்லையே! எலும்பில் அது எழுதப்படவில்லை என்றுதான் சொன்னார். அத்தையின் முதுகெலும்பை ஒருவன் ஆயிரம் வருஷம் கழித்து எடுத்தால், ப்ளோரைடு என்று சரியாகச் சொல்லிவிடுவான். கிண்டியில் செத்த குரங்குகள் அதற்குச் சாட்சி. ஒன்பது வருஷம் படுத்திருந்தாள் என்றுகூட எலும்பு மெலிந்ததைப் பார்த்து ஊகிக்கலாம். களி கரைத்த கை? அதற்குச் சயாமின் கிப்பன்கள் வந்து, "நாங்கள் தனியாகவே சமாளித்தோம்" என்று சொல்லும்.

இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னேன். அவர் வைத்தியர், என்னைச் சமாதானப்படுத்தத் தெரியாது. "ஒன்று மட்டும் பார்க்கலாம் ஸார். படுக்கைப் புண் ஆழமாகப் போனால் அடியில் இருக்கும் எலும்பையும் அரிக்கும். ஒன்பது வருஷம் கிடந்த எலும்பில் அந்த அரிப்பு இல்லையென்றால், யாரோ புரட்டிவிட்டிருக்கிறார்கள்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனால் இல்லாததை வைத்து எவனும் கட்டுரை எழுத மாட்டான்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அத்தை 2011-இல் போனாள். மறு நாள் எலும்பு பொறுக்கும்போது, சுடுகாட்டில் வேலை செய்கிறவர் தட்டை ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்த ஊர் எலும்பே கனம்தான் சாமி" என்றார். ஒகேனக்கலில் கொண்டுபோய்க் கரைத்தோம். 2013-இல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் முடிந்து, அதே ஒகேனக்கல் தண்ணீர் குழாய் வழியாக அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்தது. அதற்குப் பிறகு பிறந்த அக்காவின் பேத்திக்குப் பால்பல் விழுந்து புதுப் பல் முளைத்திருக்கிறது. வாயைப் பொத்தாமல் சிரிக்கிறாள்.

போன பொங்கலுக்குப் போயிருந்தேன். அக்கா அடுப்பங்கரையில் இருந்தாள். வாசலிலிருந்து "அக்கா" என்று கூப்பிட்டேன். கழுத்து திரும்பவில்லை, உடம்போடு திரும்பினாள்.